பாடபேதமும் பரம்பரை நோயும்: இதயத்தசை நோயின் பிறப்புரிமைச் சான்றுகளை மதிப்பிடல்

1

ஒரு நூலின் மூலபாடம் எதுவெனத் துணிவதற்கு வேண்டிய சான்றுகளை எடைபோடுவது இலக்கிய ஆய்வாளரின் தொழில். ஒரு நோயின் மூலகாரணம் எதுவெனத் துணிவதற்கு வேண்டிய சான்றுகளை எடைபோடுவது மருத்துவ ஆய்வாளரின் தொழில். இவ்விரு தொழில்களுக்கும் இடையிலுள்ள உறவு மேலோட்டமாகத் தோன்றுவதிலும் பார்க்க நெருக்கமானது என்பது எமது கருத்து. அவ்வுறவைச் சுட்டுவதோடு, சான்றினைப் பாதியிற் படித்து முடிவு கூறுவதனால் ஒரு பெரும் மக்கட் பகுதியினருக்கு நேரக்கூடிய தீங்கினை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவத்துறை சாராத எமக்கு இப்பொருளில் அக்கறை பிறந்தமைக்கு ஒரு சமூகச் சூழல் உண்டு. களனியாற்றின் பெரும் ஓடத்துறையாக இருந்தமையாற் போர்த்துக்கேயச் சொல்வழிப் பெயர்பெற்ற கிராண்ட்பாஸ், துறைமுகத்தையும் களஞ்சியங்களையும் சிறு தொழிலகங்களையும் நம்பி வாழும் உழைப்பாளர் செறிந்த பகுதி. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலாயர் எனப் பல மக்களும் ‘தோட்டங்கள்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இத்தகைய குடியிருப்பொன்றில் இளவயதினர் ஒருவர் முன்னறிகுறி எதுவுமின்றி மாரடைத்து வீழ்ந்து இறந்தால், சாவீட்டிற் கேட்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: அது அவனுடைய தலையெழுத்து. சற்றுப் படித்தவர்கள் இன்று அதே விளக்கத்தை வேறொரு சொல்லாற் கூறுகின்றனர்: அது அவர்களுடைய பரம்பரை, ‘ஜீன்’ அப்படி.

சொல் மாறியிருக்கின்றது, சிந்தனை மாறியிருக்கின்றதா என்பதே கேள்வி. தலையெழுத்தை எவரும் படித்துச் சரிபிழை பார்க்க இயலாது. பரம்பரையலகின் எழுத்தை அவ்வாறு பார்க்க இயலும். அந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், விஞ்ஞானத்தின் பெயரால் ஊழ்க்கொள்கையே மீண்டும் நிலைநாட்டப்படும்.

2

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். இதயத்தின் இடது கீழறைச் சுவர், உயர் இரத்த அழுத்தம் முதலிய வெளிப்படையான காரணம் எதுவுமின்றித் தடிப்படைவதைத் தடித்த இதயத்தசை நோய் என்பர். வளர்ந்தவர்களிற் சுவரின் தடிப்பு 15 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்டிருப்பின் இந்நோயெனக் கருதப்படும். 1958ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த டொனால்ட் ரியர் என்னும் நோயியல் வைத்தியர், பெரும்பாலும் திடீரென இறந்துபோன இளவயதினர் சிலரின் இதயங்களைப் பரிசோதித்து இத்தடிப்பை விவரித்தார். 1995இல் அமெரிக்க இளவயதினரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 500 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் காணப்படுவதாக மதிப்பிட்டது. நோயுள்ள பலர் நெடுங்காலம் இயல்பாக வாழ்கின்றனர். சிலர் மூச்சுமுட்டலாலும் மயக்கத்தாலும் துன்புறுகின்றனர். சிறு தொகையினர் திடீரென மரணமடைகின்றனர்.

இந்நோய் குடும்பங்களில் வழிவழியாக வருவது. விகாரமடைந்த பரம்பரையலகு பெற்றோரில் ஒருவரிடம் இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படுவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 1990இல் ஹாவார்ட் ஆய்வாளர்கள், கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழிக் குடும்பமொன்றில் முதன்முதலாக அந்த விகாரத்தை இனங்கண்டனர். இதயத்தசையைச் சுருங்கச் செய்யும் மயோசின் என்னும் புரதத்தின் 403ஆவது இடத்தில் ஓர் அமினோவமிலம் மாறியிருந்தது. குடும்பத்தில் நோயுற்றவர்களிடம் இம்மாற்றம் இருந்தது. நோயற்ற உறவினரிடம் இல்லை. 1995இல் இதேநோய்க்கு மயோசினைப் பற்றி நிற்கும் மற்றொரு புரதத்தின் பரம்பரையலகும் காரணமாகலாம் எனக் கண்டறியப்பட்டது. எம்.வை.பி.பி.சி. 3 என அழைக்கப்படும் அதுவே எமது ஆய்வின் மையப்பொருள்.

3

இனி, ஒரு விகாரத்தை நோயின் காரணமெனக் கொள்வதற்கு எவை சான்றாகும்? இவ்விடத்திற் பதிப்பாசிரியர்களின் அனுபவம் எமக்குத் துணைபுரிகின்றது.

1887ஆம் ஆண்டில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபோது, ஒவ்வோர் ஏட்டிலும் எழுத்துகள் வேறுபட்டிருந்தன. அவ்வேறுபாடுகள் யாவும் பொருளைக் கெடுப்பனவல்ல. சில, ஏடெழுதியவர் கைதவறி விட்டவை; அவை விடுபட்டாலும் பொருள் விளங்கும். சிலவோ ஒரு சீர் மாறியதனாற் செய்யுளையே சிதைத்துவிடுவன. மேலும், ஒரு பாடம் பத்து ஏடுகளிற் காணப்படுகின்றது என்பதனால் மட்டும் அதற்குப் பத்துச் சாட்சிகள் உண்டெனக் கொள்ளவியலாது. அப்பத்தும் ஒரே தாயேட்டிலிருந்து படியெடுக்கப்பட்டனவாயின் அவை ஒரு சாட்சியே ஆகும்.

மனித உடலின் ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஓர் ஏடு இருக்கின்றது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது படியெடுக்கப்படும்போது பாடபேதங்கள் தோன்றுகின்றன. எவரையும் பரிசோதித்தால் அத்தகைய பேதங்கள் இலட்சக்கணக்கிற் காணப்படும். அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆகவே நோயாளி ஒருவரிடம் ஒரு பேதம் காணப்பட்டது என்பது எதனையும் நிறுவுவதில்லை. நாம் கேட்கவேண்டிய வினாக்கள் ஐந்து.

முதலாவது, குடும்பத்தில் அப்பேதம் நோயோடு சேர்ந்து பயணிக்கின்றதா? இரண்டாவது, அதே சமூகத்தைச் சேர்ந்த நோயற்றவர்களிடம் அது எந்த அளவிற் காணப்படுகின்றது? மூன்றாவது, மக்களிடையே அது காணப்படும் அளவு, நோய் காணப்படும் அளவோடு பொருந்துகின்றதா? நான்காவது, அது புரதத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்பது செயன்முறையாற் காட்டப்பட்டதா? ஐந்தாவது, காணப்பட்ட பேதம்தான் குற்றவாளியா, அல்லது குற்றவாளியின் அயலில் நின்றதனாற் பிடிபட்டதா?

அமெரிக்க மருத்துவப் பிறப்புரிமையியற் கல்லூரி 2015இல் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய வினாக்களை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு பேதத்தையும் நோய் விளைப்பது, நோய் விளைக்கக்கூடியது, பொருள் உறுதியற்றது, தீங்கற்றதாகலாம், தீங்கற்றது என ஐந்து படிகளில் வகுத்தன. நடுப்படியாகிய ‘பொருள் உறுதியற்றது’ என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் மனநிறைவு தராதது. ஆயினும் நேர்மையான பதிப்பாசிரியர் ‘இவ்விடம் பொருள் விளங்கவில்லை’ என அடிக்குறிப்பிடுவதை ஒத்த அறிவொழுக்கம் அது.

4

இவ்வினாக்களை எமது பிராந்தியத்து நிகழ்வொன்றிற் பொருத்திப் பார்ப்போம்.

எம்.வை.பி.பி.சி. 3 பரம்பரையலகின் பிற்பகுதியில் 25 எழுத்துகள் விடுபட்டிருத்தல், இந்தியக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வொன்றில் 2003ஆம் ஆண்டிற் பதிவாயிற்று. 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிகழ்த்திய தண்டபாணி, ஹைதராபாத் கல, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலியோர் இதனைப் பற்றிய விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டனர். இரு கட்டங்களாக 800 நோயாளரும் 699 நோயற்றவர்களும் ஒப்பிடப்பட்டனர். முதற்கட்டத்தில் நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரிடமும் மற்றவர்களுள் 3 பேரிடமும் விடுபாடு காணப்பட்டது. இரு கட்டங்களையும் சேர்த்து நோக்கியபோது நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு எனக் கணிக்கப்பட்டது. விடுபாட்டினால் வால்ப்பகுதி மாறிய புரதம் இதயக் கலங்களின் அமைப்பைக் குலைப்பதும் ஆய்வுகூடத்திற் காட்டப்பட்டது.

இந்தியா முழுவதிலுமிருந்து பெறப்பட்ட மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு, துணைக்கண்ட மரபினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் இவ்விடுபாட்டைக் கொண்டுள்ளனர் என மதிப்பிடப்பட்டது. இலங்கை, பாகிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் மாதிரிகளிலும் அது காணப்பட்டது. தோன்றி ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பதும் அவர்களின் கணிப்பு. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் இதயநோய்க்கான விகாரத்தைச் சுமக்கின்றனர் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளிற் பரவியது.

இவ்வாய்வு முக்கியமானது என்பதில் ஐயமில்லை. ஐரோப்பிய மாதிரிகளையே உலகமாகக் கருதிவந்த துறையில், எமது பிராந்தியத்து மக்களை எமது பிராந்தியத்து அறிஞர்களே ஆராய்ந்தனர். அதனைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும் மேற்கூறிய மூன்றாவது வினாவை இங்கு கேட்டேயாக வேண்டும்.

500 பேர் வாழும் ஒரு தோட்டத்தைக் கருதுவோம். நூற்றுக்கு 4 என்ற கணக்கில் அங்கு 20 பேரிடம் விடுபாடு இருக்கும். 500க்கு ஒருவர் என்ற கணக்கில் அங்கு தடித்த இதயத்தசை நோயாளர் ஒருவரே இருப்பார். அந்த ஒருவர் விடுபாடுடையவராகவே இருந்தாலும் எஞ்சிய 19 பேரிடம் நோய் இல்லை. உண்மையில் நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரிடமே விடுபாடு காணப்பட்டதால், விடுபாடுடைய நூறு பேருள் ஒருவருக்குக்கூட இந்நோய் இருப்பது அரிதென்பது பெறப்படும். ‘ஏழு மடங்கு’ என்னும் சொற்றொடர் எழுப்பும் அச்சமும் இச்சிறு கணக்குத் தரும் தெளிவும் ஒன்றல்ல. முன்னையது தலைப்பாயிற்று, பின்னையது பத்திரிகை படித்தவருக்கு எட்டவில்லை.

5

ஐந்தாவது வினாவுக்கு விடை தாமதித்தே கிடைத்தது. 2018இல், அமெரிக்காவில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்த சக்திவேல் சடையப்பன் முதலியோர், விடுபாடுடையவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் அதே பரம்பரையலகில் வேறொரு பேதமும் சேர்ந்திருப்பதையும், இதயத்தின் இயக்கத்தில் மாற்றம் அவர்களிடமே காணப்படுவதையும் எடுத்துக்காட்டினர். 2020இல் ஒக்ஸ்போட் ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று 5,393 நோயாளரின் தரவுகளை ஆராய்ந்து மேலும் தெளிவான முடிவுக்கு வந்தது.

அவர்கள் கண்டது யாதெனின், 25 எழுத்து விடுபாடுடைய பெருந்தொகையினருள் ஒரு சிறு பகுதியினரிடம், பரம்பரையலகின் வேறோர் இடைப்பகுதியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றம் புரதத்துக்கான செய்தி வெட்டி ஒட்டப்படும் இடத்தைப் பிழைக்கச் செய்கின்றது. நோயை விளைப்பது அதுவே. விடுபாடு மட்டும் உடையவர்களுக்குத் தடித்த இதயத்தசை நோயின் வாய்ப்பு மற்றவர்களிலும் கூடியதன்று.

ஏட்டு மரபிலிருந்து இதனை எளிதில் விளக்கலாம். மிகப் பழைய தாயேடொன்றில் 25 எழுத்துகள் விடுபட்டன, பொருளுக்குக் கேடில்லை. அதிலிருந்து ஆயிரக்கணக்கான படிகள் எழுந்தன. பிற்காலத்தில் அப்படிகளுள் ஒன்றை எழுதியவர் வேறோரிடத்தில் ஓரெழுத்தைப் பிழைத்தார். அது பொருளைச் சிதைத்தது. அந்தப் படியிலிருந்து தோன்றியவை அனைத்தும் இரு பிழைகளையும் கொண்டிருந்தன. பொருள் சிதைந்த ஏடுகளைத் திரட்டிப் பார்த்தவருக்கு, எளிதிற் கண்ணிற்பட்ட 25 எழுத்து விடுபாடே சிதைவின் காரணமெனத் தோன்றியது. ஓரெழுத்துப் பிழையோ வழக்கமான பரிசோதனைகள் படிக்காது விடும் இடைப்பகுதியில் ஒளிந்திருந்தது. உடனிருத்தல் காரணமாதல் ஆகாது என்ற பழைய அளவைநூற் பாடமே இங்கு மீண்டும் உறுதியாகின்றது.

ஆய்வுகூடச் சான்று ஏன் இதனைத் தடுக்கவில்லை என்று கேட்கலாம். தனித்தெடுத்த கலத்தில், ஆய்வாளர் புகுத்திய அளவில் ஒரு புரதம் தீங்கு செய்வது, மனித இதயத்தில் அது இயல்பாக உண்டாகும் அளவில் அதே தீங்கைச் செய்யும் என்பதற்கு நிரூபணமாகாது. ஐந்து சான்றுகளில் எதுவும் தனித்துப் போதாது.

ஓர் எல்லையையும் குறிப்பிடுதல் வேண்டும். 2009 ஆய்வின் நோயாளருள் இதயம் விரிவுற்றுத் தளரும் வகையினரும் இருந்தனர். 2020 ஆய்வு தடிப்படையும் வகையைப் பற்றியே தீர்ப்புக் கூறுகின்றது. அதற்கு அப்பால் அதனை நீட்டுவதும் பாதிச் சான்றைக் கொண்டு பேசுவதேயாகும்.

இரு ஆய்வுகளுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்தன. விடுபாடுடைய தெற்காசிய மரபினர் ஏறத்தாழப் பத்துக் கோடியினர். அவர்கள் அக்காலத்தில் இந்நோய்க்கு ஆளாகக்கூடியோர் பட்டியலிற் சேர்க்கப்படக்கூடியவர்களாக இருந்தனர். மறுபுறத்தில், உண்மையான தீங்கெழுத்தைச் சுமந்தவர்களுட் சிலர், வழக்கமான பரிசோதனையில் அது படிக்கப்படாமையால் ‘எதுவும் காணப்படவில்லை’ என்ற விடையைப் பெறக்கூடியவர்களாக இருந்தனர். வீண் அச்சமும் வீண் ஆறுதலும் ஒரே பிழையின் இரு விளைவுகள்.

6

இது தனிப்பட்ட ஆய்வாளரின் தவறெனக் கொள்வது வரலாற்று நோக்காகாது. சான்று என்பது சமூகத்தால் உற்பத்தி செய்யப்படுவது. யாருடைய உடல்கள் எண்ணப்பட்டன, யாருடையவை எண்ணப்படவில்லை என்பதே அதன் தரத்தை நிர்ணயிக்கின்றது.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. தடித்த இதயத்தசை நோய்க்குக் காரணமெனக் கருதப்பட்ட சில பேதங்கள், கறுப்பின அமெரிக்கரிடையே நோயின்றியே பரவலாகக் காணப்படுபவை. முந்திய ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் அம்மக்கள் போதிய அளவிற் சேர்க்கப்படவில்லை. எனவே அவர்களின் இயல்பான பேதங்கள் நோயின் அடையாளங்களாகப் பதிவாயின. சிறு தொகையினரையேனும் சேர்த்திருந்தால் இத்தவறு பெரும்பாலும் நேர்ந்திராது என ஆய்வாளர் காட்டினர். 2019இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று, இந்நோய்க்குக் காரணமெனக் கூறப்பட்ட 33 பரம்பரையலகுகளை மறுமதிப்பீடு செய்தபோது 8 மட்டுமே உறுதியானவை எனத் தேறின. 22க்குச் சான்று குறைவு அல்லது இல்லை. அச்சிலேறியதனால் மட்டும் ஒரு பாடம் உண்மையாகிவிடாது.

தெற்காசியாவில் இப்பிரச்சினைக்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. சாதியமைப்பு நூற்றாண்டுகளாகத் திருமணத்துக்கு வேலியிட்டு வந்துள்ளது. 2017இல் வெளியான ஆய்வொன்று 263 தெற்காசியக் குழுக்களை நோக்கி, அவற்றுள் 81 குழுக்கள் சிறுதொகை மூதாதையரிலிருந்து பெருகியமைக்கான வலுவான அடையாளங்களைக் கொண்டுள்ளன எனக் கண்டது. நோயாளர் ஒரு குழுவிலிருந்தும் ஒப்பீட்டுக்குரியோர் வேறொரு குழுவிலிருந்தும் எடுக்கப்படின், அக்குழுவின் குலவேறுபாடே நோயின் காரணம்போலத் தோற்றமளிக்கும். பத்து ஏடுகள் ஒரே தாயேட்டின் படிகளாயின் அவை ஒரு சாட்சியே என முன்னர் கூறியது இங்கு பொருந்தும். சமூகக் கட்டமைப்பு, ஆய்வாளர் விரும்பினாலும் விரும்பாவிடினும், கலத்தினுள்ளேயே பதிந்திருக்கின்றது.

இதற்கு எதிர்முனையிலுள்ள தவறும் எமது கவனத்துக்குரியது. பரம்பரையை முற்றாக மறுத்து, யாவும் சூழலின் விளைவே எனக் கூறுதல் முற்போக்கானது போலத் தோன்றலாம். 1948இல் லைசென்கோவின் கொள்கை சோவியத் நாட்டில் அரச அங்கீகாரம் பெற்றபோது பிறப்புரிமையியலே அங்கு ஒடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், மாபெரும் தாவரவியலறிஞரான வவிலொவ் சிறையில் மாண்டிருந்தார். மார்க்சியர் தமது வரலாற்றின் இப்பக்கத்தை மறைத்தலாகாது. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964இல் புவனேஸ்வரில் மறைந்த ஹால்டேன், தம் வாழ்வின் நீண்டதொரு காலம் மார்க்சியராக இருந்தவர். பரம்பரையலகுகள் மக்களிடையே பரவும் விதத்துக்குக் கணித அடிப்படை அமைத்தவர்களுள் ஒருவரும் அவரே. பொருள்முதல்வாதி உடலின் பொருளை மறுக்க வேண்டியதில்லை. அதனைச் சரியாக எண்ணவேண்டும்.

7

மீண்டும் கிராண்ட்பாஸுக்கு வருவோம். மேற்கூறியவற்றிலிருந்து அங்கு வாழும் ஒரு குடும்பத்துக்குப் பயன்படக்கூடியன எவை?

முதலாவதாக, இளவயதினர் ஒருவர் காரணமின்றித் திடீரென இறந்தாலோ, தடித்த இதயத்தசை நோய் உள்ளவரென அறியப்பட்டாலோ, அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரைப் பரிசோதிப்பதே முதற்பணி. இதற்குப் பரம்பரையலகுப் பரிசோதனை முன்நிபந்தனையன்று. ஈ.சி.ஜி. பதிவும், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையும் நோயை நேரடியாகக் காட்டக்கூடியவை. கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் கொழும்பு தேசிய வைத்தியசாலை கிராண்ட்பாஸிலிருந்து தொலைவிலன்று. நாளொன்றின் கூலியை இழக்காமல் அங்கு வரிசையில் நிற்க ஒரு தொழிலாளியால் இயலுமா என்பது மருத்துவ வினாவாக எழுதப்படுவதில்லை. ஆயினும் சான்று சேகரிக்கப்படுமா இல்லையா என்பதை அதுவே தீர்மானிக்கின்றது.

இரண்டாவதாக, இதயச் சுவரின் தடிப்பெல்லாம் பரம்பரை நோயல்ல. நெடுங்காலம் கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தமும் சுவரைத் தடிக்கச் செய்யும். ‘பரம்பரை’ என்ற சொல்லால் அந்தக் காரணம் மறைக்கப்படுமாயின், மாற்றக்கூடியதொன்று மாற்றமுடியாததாகக் காட்டப்படும்.

மூன்றாவதாக, குடும்பத்தில் நோய் உறுதிப்படுத்தப்பட்டு, நோயாளியிடம் நோய்விளைக்கும் விகாரம் ஐயத்துக்கிடமின்றி இனங்காணப்பட்ட இடத்தில், பரம்பரையலகுப் பரிசோதனை மிகுந்த பயனுடையது. அவ்விகாரம் இல்லாத உறவினர் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய கண்காணிப்பிலிருந்து விடுபடுவர். ஆனால் 25 எழுத்து விடுபாட்டை மட்டும் தனியே தேடும் பரிசோதனை இந்நோயைப் பொறுத்தவரை எதனையும் தெரிவிக்காது. அறிக்கை பெறுபவர் வைத்தியரிடம் கேட்கவேண்டியது, ‘என்னிடம் மாற்றம் இருக்கின்றதா?’ என்பது மட்டுமன்று. ‘அம்மாற்றம் ஐந்து படிகளில் எந்தப் படியில் நிற்கின்றது, அம்முடிவு எந்த மக்களை ஒப்பிட்டுப் பெறப்பட்டது?’ என்பதுமாகும்.

இவ்வினாக்களுக்கு எமது நாட்டு மக்களைக் கொண்டே விடைகாணும் பொறுப்பு எமது பல்கலைக்கழகங்களைச் சார்ந்தது. அப்பணி இன அடிப்படையிற் பிரிந்து நடைபெறுமாயின் அதுவே சான்றைக் கெடுக்கும். 33,000 ஆண்டுகள் என்ற கணிப்பு ஏறத்தாழச் சரியாயின், அந்த விடுபாடு தமிழ், சிங்களம் என்ற பெயர்கள் எவையும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டது. கிராண்ட்பாஸ் தோட்டமொன்றின் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழும் இருவர், தம் மொழியும் சமயமும் வேறாயினும், அந்தப் பழைய ஏட்டின் படிகளாக இருக்கக்கூடும். ஒருவரை விட்டு மற்றவரை மட்டும் எண்ணினால் இருவரையும் பற்றிய முடிவு பிழைக்கும்.